பெருவெடிப்பு ஆதியாகமத்துக்குச் சாட்சி சொல்ல வரவில்லை

1951 நவம்பர் 22ஆம் தேதி, வத்திக்கானில் உள்ள திருத்தந்தை அறிவியல் கழகத்தின் உறுப்பினர்கள் முன்னால் போப் பன்னிரண்டாம் பயஸ் பேசினார். விண்மீன் மண்டலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன, கணக்கைப் பின்னோக்கி ஓட்டினால் எல்லாம் ஒரு தொடக்கத்தில் போய் நிற்கிறது, ஆகவே இன்றைய அறிவியல், வேதாகமத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் வரும் "வெளிச்சம் உண்டாகக்கடவது" என்ற அந்த முதல் கட்டளைக்கே சாட்சி சொல்லிவிட்டது என்பதுதான் அந்த உரையின் சாரம். கேட்ட விசுவாசிகள் பலருக்கு மனம் குளிர்ந்திருக்கும். கலிலியோ விவகாரத்திலிருந்து முந்நூறு வருடங்களாகத் திருச்சபை அறிவியலுக்குப் பகை என்றே கேட்டுக் கேட்டுச் சலித்தவர்களுக்கு, அறிவியலே தங்கள் பக்கம் வந்து நின்றது பெரிய ஆறுதல்தான்.

ஆனால் அந்த உரை ஒருவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அவர் நாத்திகர் இல்லை. கத்தோலிக்கக் குரு, அதே அறிவியல் கழகத்தின் உறுப்பினர். எல்லாவற்றுக்கும் மேலாக, போப் சாட்சிக்கு அழைத்த கோட்பாட்டை, இன்று பெருவெடிப்பு என்று நாம் சொல்வதை, முதலில் முன்வைத்தவரே அவர்தான். பெயர் ஜார்ஜ் லெமேத்ர், பெல்ஜியத்துக்காரர்.

கிறிஸ்தவப் படைப்புக் கோட்பாட்டுக்கும் நவீன அறிவியலுக்கும் என்ன உறவு என்று யாராவது கேட்டால் நான் எப்போதும் லெமேத்ரிடமிருந்துதான் ஆரம்பிப்பேன். ஏனென்றால் இந்த விவகாரத்தில் இரண்டு தரப்பும் அடிக்கடி செய்யும் தவறை அவர் தெளிவாகப் பார்த்துவிட்டார். பெருவெடிப்பை வைத்து வேதாகமத்தை நிரூபிக்கப் பார்ப்பவரும், வேதாகமத்தை வைத்துப் புவியியலை மறுக்கப் பார்ப்பவரும் எதிரெதிர்த் துருவங்கள் போலத் தெரிவார்கள். ஆனால் இருவரும் படைப்பு என்றால் காலவரிசையில் முதலில் நடந்த ஒரு சம்பவம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கிறிஸ்தவ மரபின் ஆழமான சிந்தனையாளர்கள் படைப்பு என்று சொன்னது அதைவிடப் பெரிய விஷயம்.

லெமேத்ர் 1894இல் ஷார்லெருவா என்ற ஊரில் பிறந்தார். முதல் உலகப் போரில் பெல்ஜியப் படையின் பீரங்கிப் பிரிவில் இருந்தார், வீரத்துக்கு விருது வாங்கினார். போர் முடிந்த பின் குருமடத்தில் சேர்ந்து 1923இல் குருவானார். அதே வருடம் கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டனிடம் போய்ச் சேர்ந்து, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலை ஊறித் தெளிந்தார். 1927இல், அதிகம் பேர் படிக்காத ஒரு பெல்ஜிய ஆய்விதழில், பிரெஞ்சு மொழியில், அண்டம் விரிகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். விண்மீன் மண்டலங்கள் விலகும் வேகத்துக்கும் அவற்றின் தொலைவுக்கும் உள்ள விகிதத்தை அதிலேயே மதிப்பிட்டுக் காட்டியிருந்தார். அதே விகிதத்தைச் சொன்ன அமெரிக்க வானியலாளர் ஹபிளின் புகழ்பெற்ற கட்டுரை வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1929இல். (சர்வதேச வானியல் ஒன்றியம் 2018இல்தான் அந்த விதியை ஹபிள்–லெமேத்ர் விதி என்று அழைக்கப் பரிந்துரைத்தது. தாமதம்தான், ஆனாலும் நியாயம் நடந்தது.) 1927ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸில் இயற்பியலாளர்கள் கூடிய சால்வே மாநாட்டில் ஐன்ஸ்டைனைச் சந்தித்தபோது, உங்கள் கணக்கெல்லாம் சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் லெமேத்ரின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். நிலையாக நிற்கும் அண்டத்தை ஐன்ஸ்டைனால் அப்போது விட முடியவில்லை.

1931 மே மாதம் நேச்சர் இதழில் லெமேத்ரின் ஒரு சின்னக் கடிதம் வந்தது. அண்டத்தின் முழுப் பொருளும் தொடக்கத்தில் ஒரே ஓர் ஆதி அணுவாக இருந்து பிளந்திருக்கலாம் என்ற யோசனை அதில்தான் முதலில் வருகிறது. அந்தக் கடிதத்தின் தட்டச்சுப் பிரதி மிஞ்சியிருக்கிறது. அதன் கடைசியில், அச்சில் வராத ஒரு பத்தி இருக்கிறது, அடித்துவிட்டிருக்கிறார். எல்லா இருப்பையும் எல்லாச் செயலையும் தாங்குகிற பரம்பொருளை நம்புகிறவர்கள், அந்தக் கடவுள் தன் இயல்பிலேயே மறைந்திருப்பவர் என்றும் நம்புகிறார்கள், ஆகவே இன்றைய இயற்பியல் படைப்பின்மேல் ஒரு திரையைப் போட்டிருப்பதைக் கண்டு அவர்கள் மகிழலாம் என்பது அதன் கருத்து. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, தன் கோட்பாடு கடவுளைக் காட்டிவிட்டது என்று அவர் எழுதவில்லை, மறைக்கிறது என்றுதான் எழுதினார். இன்னொன்று, அதைக்கூட ஓர் அறிவியல் இதழில் சொல்ல வேண்டாம் என்று எடுத்துவிட்டார். ஜெபிக்காத மனிதர் இல்லை அவர், சாகும்வரை குருவாக வாழ்ந்தவர். எந்த இடத்தில் எதைப் பேச வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு கறார்.

இப்போது 1951ஆம் ஆண்டு உரை அவரை ஏன் கலங்கடித்தது என்று புரியும். அந்தச் சமயத்தில் பெருவெடிப்பு ஒரு கருதுகோள்தான், போட்டிக் கோட்பாடு ஒன்றும் பலமாக இருந்தது. வானியலாளர்கள் பிரெட் ஹாயில், பாண்டி, கோல்ட் மூவரும் 1948இல் வெளியிட்ட நிலைத்த அண்டக் கோட்பாட்டின்படி அண்டத்துக்குத் தொடக்கமே இல்லை. விரிய விரிய நடுவில் புதுப் பொருள் உண்டாகிக்கொண்டே இருக்கும். பெருவெடிப்பு என்ற பெயரே 1949இல் பிபிசி வானொலியில் ஹாயில் சொன்னதிலிருந்து வந்ததுதான். லெமேத்ர் ஒரு பாதிரியார், ஆகவே அவர் ஆதியாகமத்தை இயற்பியல் உடையில் கொண்டுவருகிறார் என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. போப்பின் உரை அந்தச் சந்தேகத்துக்கு முத்திரை குத்திய மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் இன்னொரு ஆபத்தும் உண்டு. நாளைக்கு ஹாயில்தான் சரி என்று ஆகிவிட்டால்? விசுவாசம் ஒரு தொலைநோக்கியின் அளவீட்டில் தொங்க வேண்டுமா?

வத்திக்கான் வானாய்வகத்தைச் சேர்ந்த டேனியல் ஓ'கானெல் என்ற இயேசு சபைக் குருவோடு லெமேத்ர் பேசினார் என்றும், இருவரும் போப்புக்கு நெருக்கமானவர்களிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார்கள் என்றும் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1952 செப்டம்பரில் ரோமில் நடந்த வானியலாளர் மாநாட்டில் போப் மறுபடியும் அண்டத்தைப் பற்றிப் பேசினார், ஆனால் அந்தச் சாட்சி வாதத்தைத் தொடவில்லை. 1958ஆம் ஆண்டு சால்வே மாநாட்டில் லெமேத்ர் தன் நிலையை வெளிப்படையாகவே சொன்னார். இந்தக் கோட்பாடு எந்தச் சமயக் கேள்விக்கும் வெளியே நிற்கிறது, பொருள்முதல்வாதி கடவுளை மறுக்க விரும்பினால் மறுக்கும் சுதந்திரம் அவனுக்கு அப்படியே இருக்கிறது என்றார். 1960இல் அதே அறிவியல் கழகத்தின் தலைவராகி, 1966இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சரி, லெமேத்ர் இவ்வளவு தைரியமாக இருந்ததற்கு இறையியல் அடிப்படை என்ன? அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பில்லை. எழுநூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அரிஸ்டாட்டிலின் நூல்கள் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் வெள்ளமாக வந்து இறங்கின. அரிஸ்டாட்டில் உலகம் அநாதி என்கிறார். தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. வேதாகமமோ "ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்" என்று தொடங்குகிறது. பெரிய மோதல். பொனவெந்தூர் போன்ற அன்றைய இறையியலாளர்கள், உலகம் அநாதியாக இருக்கவே முடியாது என்று தர்க்கத்தாலேயே நிரூபிக்கலாம் என்றார்கள். அதே காலத்து இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதை ஏற்கவில்லை. உலகத்துக்கு ஒரு தொடக்கம் இருந்தது என்று நான் விசுவசிக்கிறேன், ஆனால் அது வெளிப்பாட்டால் தெரிவது, தர்க்கத்தால் நிறுவ முடியாதது என்றார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உலகம் அநாதியாகவே இருந்திருந்தாலும் அது கடவுளால் படைக்கப்பட்டதாகவே இருக்கும் என்றும் சொன்னார். இதற்குத் திருச்சபையின் பழைய ஆசிரியரான அகுஸ்தீனிடமிருந்து பழைய உதாரணம் ஒன்று உண்டு: புழுதியில் ஒரு கால் அநாதிகாலமாக ஊன்றியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அடியில் தடமும் அநாதியாகவே இருக்கும், இருந்தாலும் தடத்தை உண்டாக்கியது கால்தான் என்பதில் சந்தேகம் இல்லையே.

அக்வினாஸுக்குப் படைப்பு என்பது ஒரு சார்பு உறவு. இருக்கிற ஒவ்வொன்றும், இந்த நொடியிலும், தன் இருப்புக்காகக் கடவுளைச் சார்ந்திருக்கிறது. படைப்பு என்பது பொருளில் நடக்கும் ஒரு மாற்றமே இல்லை என்று அவர் திரும்பத் திரும்ப எழுதுகிறார். மாற்றம் என்றால் முன்னால் ஒன்று இருக்க வேண்டும், பின்னால் அது வேறாக வேண்டும். ஒன்றுமில்லாமையிலிருந்து என்று சொல்லும்போது, மாறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. அறிவியல் ஆராய்வதோ மாற்றங்களைத்தான்: ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலை எப்படி வந்தது, எந்த விதிப்படி வந்தது. ஆகவே அண்டத்தின் முதல் நொடியை இயற்பியல் நாளைக்கே முழுசாக விளக்கிவிட்டாலும், பெருவெடிப்புக்கு முன்னால் வேறோர் அண்டம் இருந்தது என்று தெரியவந்தாலும், எண்ணற்ற அண்டங்கள் இருக்கின்றன என்று ஆனாலும், இதெல்லாம் ஏன் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கும். அந்தக் கேள்விக்கு ஒருவர் கடவுள் என்று பதில் சொல்லலாம், பதிலே தேவையில்லை என்றும் சொல்லலாம். எதைச் சொன்னாலும் அதற்கு ஆய்வகத்தில் சோதனை கிடையாது.

இதே இடத்தில் அக்வினாஸ் ஓர் எச்சரிக்கையும் தருகிறார். விசுவாசத்துக்குரியதை நிரூபிக்கப் போய் வலுவில்லாத வாதங்களைக் கொண்டுவந்தால், இந்த மாதிரிக் காரணங்களுக்காகத்தான் இவர்கள் நம்புகிறார்கள் என்று எண்ணி நம்பாதவர்கள் சிரிப்பார்கள் என்கிறார். 1951ஆம் ஆண்டு உரையைத் தயாரித்தவர்கள் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கலாம்.

இப்போது மறுபக்கம். பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், ஆறு நாள் என்றால் இருபத்துநாலு மணி நேர நாள் ஆறுதான், இதை நம்பாதவர் வேதத்தையே நம்பாதவர் என்ற பேச்சை நம்மூர்க் கூட்டங்களிலும் யூடியூப் பிரசங்கங்களிலும் நிறையக் கேட்கிறோம். திருச்சபை ஆதியிலிருந்தே இப்படித்தான் வாசித்து வந்தது, டார்வினுக்குப் பயந்து சிலர் விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்பது அதன் கூடவே வரும் கதை. வரலாறு அப்படி இல்லை.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிஜன் என்ற கிறிஸ்தவ அறிஞர் நேரடியாகவே கேட்டார்: சூரியன், சந்திரன், நட்சத்திரம் எதுவும் இல்லாமல் முதல் நாளும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும், அதில் சாயங்காலமும் விடியற்காலமும் இருந்தன என்று புத்தியுள்ளவன் யார் நினைப்பான்? ஆதியாகமத்தில் சூரியன் நாலாம் நாளில்தான் வருகிறது என்பதை டார்வின் வந்துதான் யாருக்கும் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன், ஆதியாகமத்தின் நேர்ப்பொருளைத் தேடும் ஒரு பெரிய நூலையே எழுதினார். ஏறக்குறைய பதினைந்து வருட உழைப்பு. அதில் அவர் கண்டது, கடவுள் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், அந்த நாட்கள் நம் நாட்களைப் போன்றவை இல்லை, பிற்பாடு தோன்ற வேண்டியவை விதைகளைப்போல உலகத்துக்குள் வைக்கப்பட்டிருந்தன என்பதுதான். அதே நூலின் முதல் பகுதியில், வானத்தைப் பற்றியும் பூமியைப் பற்றியும் ஒன்றும் தெரியாமல் ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரால் பிதற்றினால், அதைக் கேட்கும் விஷயம் தெரிந்த புறமதத்தவன் உயிர்த்தெழுதலைப் பற்றி நாம் சொல்வதை மட்டும் எப்படி நம்புவான் என்று கோபத்தோடு எழுதுகிறார்.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அகுஸ்தீனும் மனித வரலாறு ஆறாயிரம் வருடத்துக்கு உட்பட்டது என்றுதான் நினைத்தார். நாலாம் நூற்றாண்டில் ஆயர் பசிலியு, ஆறு நாட்களைச் சாதாரண நாட்களாகவே பிரசங்கித்தார். பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி லூத்தரும் அப்படியே. ஆகவே திருச்சபையின் பழைய பிதாக்கள், அதாவது ஆரம்பகால ஆசிரியர்கள், எல்லாரும் பரிணாமத்துக்கு வழிவிட்டுக் காத்திருந்தார்கள் என்று சொல்வதும் மிகைதான். நான் சொல்வது இவ்வளவுதான்: நேர்வாசிப்பு ஒன்றுதான் விசுவாசம் என்ற கட்டாயம் அன்றைக்கு இல்லை. ஒரிஜனை வேறு பல விஷயங்களுக்காகக் கண்டித்த சபை, அகுஸ்தீனின் இந்த வாசிப்புக்காக அவரை ஒருபோதும் வெளியே தள்ளவில்லை.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தையே நிதானமாக வாசித்துப் பாருங்கள். முதல் மூன்று நாளும் இடங்கள் அமைகின்றன, அடுத்த மூன்று நாளும் அந்தந்த இடங்கள் நிரம்புகின்றன. முதல் நாள் வெளிச்சம், நாலாம் நாள் சுடர்கள். இரண்டாம் நாள் வானமும் தண்ணீரும் பிரிகின்றன, ஐந்தாம் நாள் பறவையும் மீனும். மூன்றாம் நாள் உலர்ந்த தரையும் செடிகொடியும், ஆறாம் நாள் மிருகங்களும் மனிதரும். இது கவனமாகக் கட்டிய வழிபாட்டுப் பாடல் போன்ற அமைப்பு. அப்புறம் இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால் வரிசையே வேறு: முதலில் மனிதன், பின்பு தோட்டத்து மரங்கள், பின்பு மிருகங்கள், கடைசியில் பெண். தொகுத்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சிநிரல் எழுதுவதுதான் நோக்கம் என்றால் இப்படி வைத்திருக்க மாட்டார்கள்.

அண்டை நாட்டுக் கதைகளோடு வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகிறது. நினிவேயில் அசுர்பனிபால் அரசனின் நூலகத்திலிருந்து தோண்டியெடுத்த களிமண் பலகைகளைப் படித்து, ஜார்ஜ் ஸ்மித் 1876இல் பாபிலோனியப் படைப்புக் கதையை வெளியிட்டார். அதில் மர்துக் என்ற தெய்வம் தியாமத் என்ற தெய்வத்தைக் கொன்று, அவள் உடலை இரண்டாகப் பிளந்து வானத்தை அமைக்கிறான். மனிதர்கள் தெய்வங்களுக்கு வேலை செய்வதற்காக, தோற்றுப்போன ஒரு தெய்வத்தின் ரத்தத்திலிருந்து உண்டாக்கப்படுகிறார்கள். ஆதியாகமத்தில் போர் இல்லை, பிணம் இல்லை. பாபிலோனியர் கும்பிட்ட சூரியனும் சந்திரனும் இங்கே "பெரிய சுடர்", "சிறிய சுடர்", அவ்வளவுதான். பகலுக்கும் இரவுக்கும் ஏற்றிவைத்த விளக்குகள். மனிதர் அடிமையாக இல்லாமல் கடவுளின் சாயலாக வருகிறார்கள். சுற்றிலும் பேரரசுகள் சூழ்ந்த ஒரு சின்ன இனம் இப்படி ஒன்றைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அந்த அதிகாரத்தைப் பாறைகளின் வயதைச் சொல்லும் அட்டவணையாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த வீரியத்தைத் தவறவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

பாறைகளின் வயதுக்கு வருவோம். அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் வேதாகம வம்சவரலாறுகளையும் பழைய அரசர்களின் ஆண்டுக்கணக்குகளையும் கூட்டிக் கழித்து, படைப்பு கி.மு. 4004 அக்டோபரில் நடந்தது என்றார். அவரைக் கேலி செய்ய நான் வரவில்லை. அந்தக் காலத்துக்கு அது கடுமையான புலமை வேலை, அவரைப் போல வேறு பலரும் கணக்கிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்து அந்த ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் ஓரத்தில் அச்சாகத் தொடங்கி, வேத வசனத்தோடு வசனமாக ஒட்டிக்கொண்டது.

அதைக் கழற்றியவர்களில் பலர் போதகர்களே என்பது அதிகம் பேருக்குத் தெரியாது. ஆங்கிலிகன் குருவும் ஆக்ஸ்போர்டின் புவியியலாளருமான வில்லியம் பக்லாண்ட் இதற்கு நல்ல உதாரணம். 1821இல் யார்க்ஷயரின் கிர்க்டேல் என்ற இடத்தில் ஒரு குகை நிறைய எலும்புகள் கிடைத்தன. யானை, காண்டாமிருகம், நீர்யானை, கழுதைப்புலி எல்லாம் கலந்து கிடந்தன. நோவாவின் ஜலப்பிரளயம் வெப்பநாடுகளிலிருந்து அடித்துக்கொண்டு வந்து போட்டது என்று சொல்லிவிட எவ்வளவு வசதியான இடம்! பக்லாண்ட் எலும்புகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எல்லாவற்றிலும் கடித்த தடங்கள். குகை வாயோ நீர்யானை நுழைய முடியாத அளவு சின்னது. ஊருக்கு வந்த மிருகக்காட்சிக் கூட்டத்தில் இருந்த ஓர் உயிருள்ள கழுதைப்புலிக்கு மாட்டு எலும்பைக் கொடுத்துக் கடிக்கவைத்து, அது விட்டுவைத்த துண்டுகளைக் குகை எலும்புகளோடு ஒப்பிட்டார். அச்சாக அதே மாதிரி. ஆக, கழுதைப்புலிகள் அந்தக் குகையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, இரையை இழுத்து வந்து தின்றிருக்கின்றன. மேலே படிந்த சேற்றைப் பிரளயத்தின் அடையாளம் என்று 1823இல் எழுதியவர், 1836இல் அதையும் கைவிட்டார். இன்னொரு குருவான ஆடம் செட்விக், 1831இல் லண்டன் புவியியல் கழகத்தின் தலைவராகப் பேசும்போது, பிரளயம் பற்றிய தன் பழைய கருத்தைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். டார்வினின் நூல் வந்தது 1859இல். அதற்கு முன்பே, வேதத்தில் பற்றுள்ளவர்களே பூமி மிகமிகப் பழையது என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அமெரிக்காவில்கூட நிலைமை முதலில் இப்படித்தான் இருந்தது. 1925இல் டென்னசி மாநிலத்தின் டேட்டன் நகரத்தில், பரிணாமம் கற்பித்ததாக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர்மேல் வழக்கு நடந்தபோது, வேதத்துக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், குறுக்கு விசாரணையில் அந்த ஆறு நாட்கள் இருபத்துநாலு மணி நேர நாட்களாக இருக்க வேண்டியதில்லை என்று ஒத்துக்கொண்டார். இன்று நாம் கேட்கும் இளம்பூமிக் கோட்பாட்டை வளர்த்தவர் ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ், ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையின் எல்லன் வைட் அம்மையார் எழுதியதைப் பின்பற்றி, பாறை அடுக்குகள் எல்லாம் ஒரே பிரளயத்தில் படிந்தவை என்று வாதாடினார். 1961இல் விட்காம், மோரிஸ் இருவரும் சேர்ந்து எழுதிய பிரளய நூல் அதை மற்ற சபைகளுக்குள் கொண்டுசென்றது. ஆக, ஆதித் திருச்சபையின் விசுவாசம் என்று சொல்லப்படும் இந்த முழு அமைப்பின் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. இதற்கிடையில் 1956இல் அமெரிக்க அறிவியலாளர் கிளேர் பேட்டர்சன், விண்கற்களில் உள்ள ஈய ஐசோடோப்புகளை அளந்து பூமிக்கு ஏறத்தாழ 455 கோடி வயது என்று கணக்கிட்டார். அந்த எண் இன்றுவரை அநேகமாக அசையவில்லை. அண்டத்தின் வயது இப்போதைய அளவீட்டில் சுமார் 1380 கோடி ஆண்டுகள்.

படைப்பு நம்பிக்கை அறிவியலுக்கு முட்டுக்கட்டை மட்டுமே போட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயர்: யோவான் பிலோப்பொனஸ். ஆறாம் நூற்றாண்டு அலெக்சாந்திரியா, கிறிஸ்தவர். வானம் கெடாத தெய்வீகப் பொருளால் ஆனது, பூமி வேறு பொருள் என்று அரிஸ்டாட்டில் சொன்னதை அவர் மறுத்தார். வானமும் பூமியும் இரண்டுமே படைக்கப்பட்டவை, ஆகவே இரண்டும் ஒரே தரம், நட்சத்திரங்களும் நெருப்பு மாதிரி எரிகிற பொருள்கள்தான் என்றார். கனமான பொருள் அந்தக் கன விகிதத்துக்கு வேகமாக விழும் என்பதையும் அவர் ஏற்கவில்லை. ஒன்றைவிடப் பலமடங்கு கனமான இன்னொன்றை ஒரே உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள், விழும் நேரத்தில் வித்தியாசம் மிகக் கொஞ்சம்தான் என்று எழுதினார், கலிலியோவுக்கு ஆயிரம் வருடம் முன்பு. கிறிஸ்தவம் இல்லாவிட்டால் அறிவியலே பிறந்திருக்காது என்று இதை நீட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கிரேக்கரும் இந்தியரும் சீனரும் அரபு உலகமும் செய்ததை வைத்துப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. ஆனால் உலகம் தெய்வம் இல்லை, அது இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, ஆகவே எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற மனநிலைக்குப் படைப்புக் கோட்பாடு உரம் போட்டது என்பதை மறுக்க முடியாது.

அறிவியலுக்கு இன்னும் விளங்காத இடத்தில் கடவுளை வைப்பது என்ற பழக்கத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோள்களின் பாதை கொஞ்சம் கொஞ்சமாகக் குலையும், கடவுள் அவ்வப்போது சரிசெய்கிறார் என்று நியூட்டன் நினைத்தார். அடுத்த நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லப்லாஸ் கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்த வேலைக்குக் கடவுள் தேவைப்படவில்லை. 1944 மே மாதம் நாஜிச் சிறையிலிருந்து ஜெர்மன் போதகர் போன்ஹோபர் தன் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நம் அறிவின் ஓட்டைகளை அடைக்கக் கடவுளைப் பயன்படுத்தினால் அறிவு வளர வளர அவர் பின்வாங்கிக்கொண்டே போவார், நமக்குத் தெரிந்தவற்றிலேயே அவரைக் காண வேண்டும் என்று எழுதினார். 2005இல் பென்சில்வேனியாவின் டோவர் நகரத்தில், பரிணாமத்துக்கு மாற்றாக "அறிவார்ந்த வடிவமைப்பை" வகுப்பில் கொண்டுவருவது பற்றி நடந்த பள்ளி வழக்கில், பாக்டீரியா நீந்த உதவும் வால் போன்ற கசையிழை தானாகப் பரிணமித்திருக்க முடியாது என்று சாட்சி சொன்ன மைக்கேல் பீஹி ஒரு கத்தோலிக்கர். அது பரிணமித்திருக்க முடியும் என்று எதிர்ப்பக்கம் சாட்சி சொன்ன கென்னத் மில்லரும் கத்தோலிக்கர். நீதிமன்றம் மில்லர் பக்கத்தையே ஏற்றது, இறையியல்படியும் அவர் பக்கமே சரி என்பது என் கருத்து.

இவ்வளவும் சொன்னதால் இனிச் சிக்கலே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பெருவெடிப்பும் பூமியின் வயதும் எளிய பகுதி. கடினமான பகுதி மரணம்.

இளம்பூமிக்காரர்களின் புவியியலை நான் ஏற்கவில்லை, ஆனால் அவர்களை உறுத்தும் கேள்வி உண்மையான கேள்வி. ரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் அப்போஸ்தலர் பவுல், ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் பிரவேசித்தது என்கிறார். புதைபடிவங்களோ, மனிதர் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே வேட்டையும் நோயும் கூட்டங்கூட்டமான அழிவும் இருந்ததைக் காட்டுகின்றன. இதுவரை வாழ்ந்த உயிரினங்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1860 மே மாதம் டார்வின், விசுவாசியும் தன் கோட்பாட்டின் ஆதரவாளருமான அமெரிக்கத் தாவரவியலாளர் அசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், ஒருவகைக் குளவியைச் சொல்கிறார். அது கம்பளிப்பூச்சியின் உடம்புக்குள் முட்டையிடும், பொரிந்த புழுக்கள் அந்தப் பூச்சியை உயிரோடு உள்ளிருந்தே தின்னும். அன்பும் வல்லமையும் உள்ள கடவுள் இதை வேண்டுமென்றே திட்டமிட்டுப் படைத்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை என்று டார்வின் எழுதினார். அந்த வரிகளில் திமிர் இல்லை, வேதனைதான் இருக்கிறது. அதற்கு விசுவாசிகள் தரப்பிலிருந்து எளிதான பதில் எதுவும் வந்துவிடவில்லை.

பதில்கள் இல்லாமலும் இல்லை. ரோமர் ஐந்து மனித மரணத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்று பலர் வாசிக்கிறார்கள், வசனமே "எல்லா மனுஷருக்கும்" என்றுதான் தொடர்கிறது. மனிதனின் பாவத்தால் மிருகங்களின் சுபாவம் மாறிவிடவில்லை, சிங்கம் அந்தப் பாவத்துக்கு முன்பும் மாம்சம் தின்றுதான் இருக்கும் என்று அக்வினாஸே எழுதியிருக்கிறார், புதைபடிவம் என்ற பேச்சே இல்லாத காலத்தில். ரோமர் எட்டில் பவுல் "சர்வ சிருஷ்டியும் ஏகமாய்த் தவித்துப் பிரசவவேதனைப்படுகிறது" என்று சொல்வதைப் பிடித்துக்கொண்டு, படைப்பு இன்னும் முடியாத வேலை, அதன் நோவில் சிலுவையில் கடவுளே பங்கெடுத்தார் என்று போகிறவர்களும் உண்டு. இந்தக் கடைசி வழியில்தான் என் மனம் போகிறது. ஆனால் கம்பளிப்பூச்சிக்கு அது என்ன பதில் என்று கேட்டால் என்னிடம் வார்த்தை இல்லை.

அப்புறம் ஆதாம். 1950இல் இதே பன்னிரண்டாம் பயஸ், மனித உடல் முந்தைய உயிரினத்திலிருந்து வந்ததா என்று ஆராயக் கத்தோலிக்கர்களுக்குத் தடையில்லை என்று சுற்றுமடலில் எழுதினார்; ஆனால் மனிதகுலம் ஒரே ஜோடியிலிருந்து வராமல் பலரிடமிருந்து வந்தது என்ற கருத்தை ஆதாமின் பாவம் மனிதர் எல்லாருக்கும் பிறப்போடு வருகிறது என்ற ஜென்மபாவக் கோட்பாட்டோடு எப்படி இணைப்பது என்று வழி தெரியவில்லை என்றார். 1996இல் இரண்டாம் ஜான் பால், பரிணாமம் வெறும் கருதுகோள் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். இன்றைய மரபணு ஆய்வுகளோ, நம் முன்னோரின் கூட்டம் ஆயிரக்கணக்கில் இருந்தது, இருவராகச் சுருங்கியதாகத் தெரியவில்லை என்று காட்டுகின்றன. அந்தக் கூட்டத்திலிருந்து கடவுள் அழைத்த ஒருவர் ஆதாம் என்கிறார்கள் சிலர். ஆதாம் நம் ஒவ்வொருவரின் கதை என்கிறார்கள் வேறு சிலர். இரண்டாம் நூற்றாண்டின் ஆயர் இரெனேயு, மனிதர் முழுமையாகப் படைக்கப்பட்டு விழுந்தவர்கள் இல்லை, வளர வேண்டிய குழந்தைகளாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினார். பரிணாமத்தோடு யோசிக்கிறவர்களுக்கு அவர் மறுபடி முக்கியமாகிவிட்டார். ஆனால் இரெனேயுவின் வழியில் போகிறவர், பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் ஒருவருக்கு ஒருவர் நேராக நிறுத்துகிறாரே, அதில் ஒரு பக்கம் ஒரு கூட்டமாகவோ கதையாகவோ ஆனால் மறுபக்கம் என்ன ஆகும் என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது அறிவியல் தீர்க்கிற வழக்கு இல்லை. ரோமர் நிருபத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இறையியலாளர்கள்தான் வாதாட வேண்டும், வாதாடிக்கொண்டும் இருக்கிறார்கள்.